மிரேலாவின் வலது தோள்

நோலீன் பாஸ்கோ பதினெட்டு வருஷம் விண்டாரா நகராட்சியில் தப்பாக நிறுத்திய வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதியவள். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் அந்தக் கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கடைத்தெருவில் ஒரு கார் கொஞ்சம் கோணலாக நின்றால் போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அவள் எதிரே வந்தால் ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பிப்ரவரியில் ஒரு வாரம் விண்டாரா கிளப்பில் பெண்கள் டென்னிஸ் போட்டி நடக்கும். டிவியில் முகம் காட்டுகிற பெரிய ஆட்டக்காரிகள் யாரும் வரமாட்டார்கள். உலக வரிசையில் இருநூறு, முந்நூறு என்று நிற்கிற பெண்கள்தான் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். கூலி என்றால் ஒரு சட்டை, ஒரு தொப்பி, மதியத்துக்கு ரொட்டியில் சுருட்டிய சாசேஜ், கழுத்தில் தொங்க ஓர் அட்டை. அந்த அட்டைக்காகவே உயிரை விடுகிறவர்கள் உண்டு. நோலீன் அதில் முதல் ஆள்.

கார் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. எந்த ஆட்டக்காரியை, எத்தனை மணிக்கு, எங்கே, யார் கொண்டுபோவது என்று தினமும் காலையில் ஒரு தாளில் எழுதி, கார் பிரிவுக் கூடாரத்தின் அறிவிப்புப் பலகையில் குத்துவாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. போன வருஷம் கூடாரத்துக்குள் தாள் இருக்கிறது தெரியாமல் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அதனால் இந்த வருஷம் பலகையைத் தூக்கி வெளியே, பாதையைப் பார்த்த மாதிரி மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கார்கூடத் தாமதமாகவில்லை என்று யார் கேட்டாலும் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

அவள் வீட்டில் தங்கியிருந்தாள் மிரேலா ஸ்டான்சு. ருமேனியாக்காரி, இருபத்தாறு வயது. ஓட்டல் செலவு கட்டுப்படியாகாத பெண்களைக் கிளப்காரர்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். மூன்று வருஷமாக மிரேலா நோலீன் வீட்டுக்குத்தான் வருகிறாள். ஃப்ரிட்ஜில் எது எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எடுப்பாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் உட்கார்ந்து வலது தோளில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்குக் காலைல படம் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க நோலீன். எதிர்ல ஆடுறவளுக்குத் தெரிஞ்சா தோளுக்கே அடிப்பா."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது கண்ணு," என்றாள் நோலீன். சொன்ன மாதிரியே வரவும் இல்லை.

புதன்கிழமை மிரேலா முதல் செட்டைத் தோற்றாள். இரண்டாவது செட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு பாதியில் விலகினாள். அன்று சாயங்காலமே மெல்பர்னிலிருந்து ஃபெர்கஸ் டாயில் என்று ஒரு விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். சூதாட்டத் தில்லுமுல்லுகளைத் தோண்டுகிற ஆள். மெல்லப் பேசுவார், பேச்சுக்கு நடுவே சிரிக்கவே மாட்டார். பார்த்தவுடனே நோலீனுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"செவ்வாய்க்கிழமை காலைல எட்டு பத்துலேர்ந்து மிரேலா தோப்பான்னு பெட் குவிஞ்சிருக்கு," என்றார். "மேட்ச் மறுநாள். தோள் வலின்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

டாக்டருக்கு, நோலீனுக்கு, காரில் கொண்டுபோன கிரேம் டல்லிக்கு. அப்புறம் மிரேலாவுக்கு.

"தன் காயத்தைப் பத்தின சேதியைத் தானே வித்திருந்தான்னா ரெண்டு வருஷத்துக்குத் தடை விழும். அவ வயசுக்கு, அவ ரேங்குக்கு, அதோட கதை முடிஞ்சது. வேற யார்கிட்டேர்ந்து வெளியே போச்சுன்னு தெரியற வரைக்கும் அவ போன் என்கிட்ட இருக்கும். அடுத்த வாரப் போட்டியில பேரையும் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அந்தப் பெண்ணின் பிழைப்பே இதுதான் என்று நோலீனுக்குத் தெரியும். அதே சமயம், சொல்ல வெட்கம்தான், உள்ளுக்குள் ஒரு சுறுசுறுப்பும் கிளம்பியது. ஆறு வருஷத்துக்கப்புறம் பிடிக்கவேண்டிய ஆள் ஒருத்தர் கிடைத்திருக்கிறார்.

யார் என்று அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. கிரேம் டல்லி வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. மனைவி இறந்துபோனபிறகு சிட்னியிலிருந்து வந்து ஆற்றோரம் வீடு வாங்கியவர். நல்லவர் மாதிரிதான் பேசுவார், அதுவே நோலீனுக்கு உறுத்தல். வார ஆரம்பத்திலிருந்தே ஐஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போனில் கிசுகிசுக்கிறார். யாராவது பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார். நோலீன் விடுவாளா? சட்டைப்பையில் இருக்கிற குட்டி நோட்டில் எல்லாம் ஏறியிருந்தது. 'பத்து இருபது, ஏழு நிமிஷம். பதினொன்று நாற்பத்தைந்து, நாலு நிமிஷம். என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டார்.'

வியாழக்கிழமை காலை தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அவரை மடக்கினாள்.

"யார்கூட அவ்வளவு ரகசியம் கிரேம்?"

"ஒண்ணுமில்ல நோலீன். சொந்த விஷயம்."

"சொந்த விஷயம்னா கூடாரத்துக்குள்ளயே பேசலாமே. வெயில்ல நின்னு வேகணும்னு என்ன தலையெழுத்து?"

"இங்க பேசினா நீ எழுதி வெச்சுப்பியே," என்று சிரித்தார் கிரேம். ஆனால் காது சிவந்துபோயிருந்தது. நோலீனுக்கு அந்தச் சிவப்பே போதுமாக இருந்தது.

பத்து மணிக்கு நோட்டை டாயிலின் மேஜையில் வைத்தாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கேட்டார்:

"மிரேலா உங்க வீட்டுலதானே தங்கியிருக்கா? யார்கூடவாவது போன்ல பேசுறாளா?"

இந்த இடத்தில் நோலீன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தானே வந்தாள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தவிர, மிரேலாமேலும் ஒரு சின்னச் சந்தேக முள் அவளுக்குள் இருந்தது.

"விடியக்காலைல அஞ்சு மணிக்குப் பேசுவா. கதவைச் சாத்திக்கிட்டு, மெதுவா. திங்கக்கிழமையும் பேசினா, செவ்வாய்க்கிழமையும் பேசினா. அவங்க பாஷைல."

டாயில் அதையும் எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு கிரேம் டல்லியின் அட்டையைக் கழற்றி, போனையும் வாங்கிவிட்டார்கள். அவர் தொப்பியையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். ஐஸ் வண்டிக்காரன்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நோலீன் மட்டும் அவர் வாசலைத் தாண்டும்வரை கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்று மணி இருக்கும். அடுத்த நாள் அரையிறுதி. அதனால் கார்த் தாளை முன்கூட்டியே எழுதி, பலகையில் பழைய தாள்களுக்குமேல் குத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதையில் ஒரு வயதான ஜோடி ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு வந்தது. கிழவர் பலகைக்கு முன்னால் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இங்க பாரு ஷிர்லி. அந்த ஜப்பான் பொண்ணை நாளைக்கு எட்டு மணிக்கே கால் வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்களாம்."

"அப்ப அவ தேறமாட்டா," என்றாள் கிழவி. "நம்ம கெவின்கிட்ட சொல்லு, அவன் அவமேலதான் பெட் கட்டப்போறேன்னான்."

ஜோடி நகர்ந்துபோயிற்று.

நோலீன் எழுந்துபோய் மேலே இருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். வியாழன். புதன். அடியில் செவ்வாய், காலை ஏழு முப்பத்தைந்துக்குக் குத்தியது. மூன்றாவது வரி, அவளுடைய அச்சுக் கையெழுத்தில்:

'ஸ்டான்சு. 9.00. எக்ஸ்ரே. வலது தோள். முன் இருக்கையில் உட்கார வைக்கவும், பெல்ட் அந்தத் தோளில் அழுத்தக் கூடாது. ஓட்டுநர்: டல்லி.'

வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னவள், எழுதி ஊருக்கே மாட்டியிருக்கிறாள். எட்டு மணிக்கு வாசல் திறந்தவுடன் அந்தப் பாதையில் எத்தனை பேர் வந்தார்கள், எவன் நின்று படித்தான், எவன் படம் எடுத்தான், யாருக்குத் தெரியும்? எல்லார்மேலும் கண் வைத்திருந்தவள் அந்தப் பலகைமேல் மட்டும் வைக்கவில்லை.

சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை. தாளை உருவி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டாள். கழிவறைக்குப் போய்க் கிழித்துவிட்டால் முடிந்தது. டாயில் இன்னும் பலகையைப் பார்க்கவில்லை. கார் ஓட்டினவர்கள் தங்கள் வரியைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. கழிவறைப் பக்கம் பத்து அடி நடக்கவும் செய்தாள். பழி கிரேமோடு போகும், இல்லையென்றால் மிரேலாவோடு. அவளோடு வராது. அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார்த்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. திரும்பி, டாயில் உட்கார்ந்திருந்த கமிட்டி அறைக்குப் போனாள்.

டாயில் தாளை விரித்து இரண்டு தடவை படித்தார்.

"ஏழு முப்பத்தஞ்சுக்கு மாட்டினீங்க. எட்டுக்கு கேட் திறந்தது. எட்டு பத்துக்குப் பெட் ஆரம்பிச்சது." பெருமூச்சு விட்டார். "கிரேம் போனை மத்தியானமே பார்த்துட்டேன். எல்லாம் வீட்டு புரோக்கர் நம்பர். வீட்டை வித்துட்டு சிட்னிக்கே போறாராம். ஊர்க்காரங்க மனசு சங்கடப்படுவாங்கன்னு ரகசியமா வெச்சிருக்காரு."

"மிரேலா?"

"இப்பவே போனைக் குடுத்துடறேன். அவமேல ஒண்ணும் இல்ல." கையை நீட்டினார். "உங்க அட்டை வேணும் நோலீன்."

கழுத்திலிருந்து கழற்றும்போது முடியில் மாட்டிக்கொண்டது. அவரே எழுந்துவந்து எடுத்துவிட்டார். அவர் அப்படி மரியாதையாக நடந்துகொண்டது அவளுக்குத் திட்டியதைவிட வலித்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றோரம் காரை நிறுத்தி கிரேமின் கதவைத் தட்டினாள். அவர் கதவைத் திறந்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"ஒரு வருஷமா தினம் உன்கூட டீ குடிச்சிருக்கேன்," என்றார். "சரி விடு." கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

வீட்டில் மிரேலா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இடது கையாலேயே எல்லாவற்றையும் மடித்துப் போட்டாள்.

"கண்ணு, மன்னிச்சிடு. அந்தத் தாள்..."

"தாளைப் பார்த்தேன். டாயில் காட்டினாரு. பெல்ட் அழுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்காகத்தானே எழுதினீங்க. அதுல எனக்குக் கோவமே இல்ல." பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் நின்றது. "அஞ்சு மணிக்குப் போன் பேசுறான்னு எதுக்குச் சொன்னீங்க?"

"அவர் கேட்டாரு."

"நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாம். பக்கத்து ரூம்தானே நான்?"

பதினெட்டு வருஷமும் நோலீன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சீட்டை எழுதி வண்டிக் கண்ணாடியில் சொருகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். வாசலில் ஒரு கார் ஹார்ன் அடித்தது. மற்றப் பெண்கள் தங்கியிருக்கிற ஓட்டலுக்குப் போக மிரேலா டாக்சி சொல்லியிருந்தாள்.

"யார்கிட்ட பேசினே?" என்று கேட்டாள் நோலீன்.

"அம்மாகிட்ட. அவங்க வேலை முடிஞ்சு வர்ற நேரம் அது. உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னுதான் மெதுவா பேசினேன்." மிரேலா பெட்டியை நிமிர்த்தினாள். "தோள் போயிடுச்சுன்னா தனியா என்ன பண்ணுவேன்னு அழுதாங்க. நோலீன் இருக்காங்கம்மா, குணமாகிற வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன், கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாங்கன்னு சொன்னேன்."

நோலீன் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினாள். மிரேலா அதை இடது பக்கம் மாற்றிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, தானே இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.