நோட்டில் ஒரு வரி

சாயப்பட்டறை முதலாளிக்கு அபராதம் என்பது கொசுக்கடி. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை ஒருநாள் ஓட்டுகிற மின்செலவுக்குக்கூட மாத அபராதம் காணாது. அதனால் இயந்திரம் சாக்குப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. பின்பக்கச் சாக்கடை ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து புதிதாக வந்த ஆய்வாளரம்மா அபராதச் சீட்டே எழுதவில்லை. ஒரு நோட்டை நீட்டினார்.

“இன்னைக்கு மெஷின் ஓடுச்சா இல்லையான்னு உங்க கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தினமும் வருவேன்.”

“எதுக்கும்மா வம்பு? அபராதத்தைப் போட்டுட்டுப் போங்க.”

“அபராதம் வேணாம் சார். ஒரு வரி போதும்.”

முதலாளி அந்தம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். கை நீட்டிய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறார். எதுவுமே வேண்டாம் என்ற ஆளைப் பார்த்ததில்லை. ‘ஓடவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் ‘ஓடியது’ என்று பொய் எழுதப் பேனாவை எடுத்தார். அந்தம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கை என்னவோ ‘ஓடவில்லை’ என்றே எழுதியது.

பட்டறையில் மேஸ்திரியாக இருந்த மைத்துனனைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, அந்த நோட்டு எங்க போகுது?”

“பின்னாடியே போய்ப் பார்த்துட்டேன் மாமா. அவங்க ஆபீஸ் அலமாரிக்குத்தான் போகுது.”

“அலமாரியிலேர்ந்து?”

“அங்கதான் இருக்கு.”

“இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியே, அவங்ககிட்ட நீ என்ன பேசின?”

மைத்துனன் முகம் சுண்டிப்போனது.

பிறகு கணக்கர் போனில் தணிந்து பேசினாலும் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டார். துணி வாங்கும் கம்பெனியிலிருந்து அழைப்பு ஒருநாள் தள்ளி வந்தால், நோட்டைப் பார்த்துவிட்டார்களோ என்று சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரே சாக்கை உருவிப்போட்டு இயந்திரத்தை ஓடவிட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “இப்பவாவது சொல்லுங்கம்மா. அந்த நோட்டை யாருக்குக் காட்டப் போறீங்க?”

“யாருக்கும் இல்ல சார். எங்க சட்டத்துக்குப் பல்லு இல்ல. வேற வழி தெரியாம இப்படிச் செஞ்சு பாக்கறோம்.”

முதலாளி சிரித்துவைத்தார். ஒரு சொல்கூட நம்பவில்லை.

“பல்லில்லாதவங்க இவ்வளவு நிதானமாவா இருப்பாங்க? உள்ள என்னமோ இருக்குடா” என்றார் மைத்துனனிடம்.

அவன் வால்வைத் திருகிக்கொண்டே நின்றான். அவர் தன்னையே சந்தேகித்துக் கேட்ட நாளிலிருந்து வேலையைத் தவிர அவரிடம் அவன் வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.