முன்மாதிரி வீடு

எங்கள் வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டர் பச்சையாக எரிந்த அன்று, எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். தெருவே திரண்டு வந்தது. நாய்கூட வந்து எட்டிப் பார்த்தது. நகரத்தைப் புத்திசாலி ஆக்குகிறோம் என்று வீட்டுக்கு வீடு அந்தப் பெட்டியை மாட்டிய நாள்முதல் எங்களுடையது சிவப்புதான். சிக்கனமாக இருந்தால் பச்சை, அள்ளி இறைத்தால் சிவப்பு. என் வீட்டுக்காரி குளிக்கப் போனால் ஏரி மீன்கள் அவசரக் கூட்டம் போடும். உடம்பைக் கழுவி, சுவரைக் கழுவி, வாளியைக் கழுவி, மறுபடி உடம்புக்கு வருவாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டுவேன்.

"அங்க என்ன, கப்பலா விடறே?"

"ஆமா. நீங்க ஏறிடாதீங்க, முழுகிடும்."

ஆயுள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராகக் கத்தியவன் நான். என் குரலுக்கு எதிரே வரும் லாரி ஒதுங்கும். அந்தக் கதவு மட்டும் அசைந்ததில்லை.

பச்சை எரிந்த மறுநாள் கைப்பேசிக்கு வாழ்த்து வந்தது. பின்னாலேயே தண்ணீர் வாரியத்துப் பெண் ஒருத்தி வந்து, 'முன்மாதிரி வீடு' என்ற ஸ்டிக்கரை உரித்துக் கதவில் ஒட்டப் போனாள்.

"பாதிக்குப் பாதி குறைச்சிருக்கீங்க ஐயா. எப்படின்னு சொன்னீங்கன்னா மத்தவங்களுக்கும் சொல்லுவேன்."

"மத்தவங்களுக்குச் சொல்லாதம்மா. என் சம்சாரம் செத்துப்போயிட்டா."

ஸ்டிக்கர் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. உதறினாள், இன்னொரு விரலுக்குத் தாவியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. சிஸ்டத்துல இன்னும் ரெண்டு பேர்னு இருக்கு. அதான் மிச்சம் பிடிக்கிறீங்கன்னு நினைச்சுக்கிச்சு. ஒருத்தர்னு மாத்திடலாம். இதைத் தொடுங்க, போதும்."

அவள் நீட்டிய திரையில் எங்கள் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி மனித உருவங்கள் நின்றன, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல. இரண்டுக்கும் முகமில்லை. தொட்டால் ஒன்று போய்விடுமாம். என் விரல் கிட்டே போய்விட்டுத் திரும்பி வந்தது.

"ரெண்டாவே இருக்கட்டும்மா."

"அப்ப மாசாமாசம் வாழ்த்து வருமே, ஐயா."

என் வீட்டுக்காரி இல்லாமல் போனதற்கு மாதாமாதம் ஒரு பாராட்டு.

"வராம நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அதிலிருந்து தினமும் காலையில், அவள் குளிக்கும் நேரத்துக்கு, குளியலறைக் குழாயைத் திறந்து அடியில் வாளியை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். முதலில் வெறும் வாளியின் அதட்டல். பிறகு நிறைய நிறையக் குரல் தணிந்து, ஏதோ பேசிக்கொள்வதுபோல் கேட்கும்.

இன்று தையல்காரர் அங்கிருந்தே கேட்டார். "என்னங்க, மறுபடியும் சிவப்பாயிடுச்சு?"

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"அங்க என்ன, கப்பலா விடறே?"

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்து என் கால்விரலைத் தொட்டது.