அக்காவின் கிட்னியும் டெப்போ மீன்களும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேமலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் ஓர் அக்கா தன் தம்பியை அதட்டியது காதில் விழுந்தது: "வெயில்ல நிக்காதடா, உள்ள இருக்கறது என் கிட்னி!" மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தம்பியை பஸ் டிரைவர் ஆக்கினேன். கதிரவன் தன் பொற்கரங்களால்— (இந்த வரியை அடித்துவிட்டேன்.) ஜன்னல் பக்கக் கையில் ஒரு புடைப்பு.

[விளக்காமல் இருக்க முடியவில்லை: அக்காவிடமிருந்து வந்த கிட்னியைத் தம்பி உடம்பின் காவல்காரர்கள் திருடன் என்று நினைத்து அடிப்பார்கள். அதனால் மாத்திரை கொடுத்து அவர்களை அரைத்தூக்கத்தில் வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து, சாதாரணமாக வாலாட்டாத கிருமிகளும் உள்ளே நுழையும். வெயிலில் கெட்டுப்போன தோல் அணுக்கள் பிடிபடாமல் பெருகிப் புற்றுநோயும் ஆகலாம்.]

ஆக, சந்தேகம் இரண்டின்மேல். ஒன்று வெயில். இன்னொன்று மீன்தொட்டி. ஆபரேஷனுக்குப் பின் வீட்டிலிருந்த தொட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டதாக அக்காவிடம் சொன்ன தம்பி, அதை பஸ் டெப்போ ஓய்வறையில் வைத்து வெறுங்கையால் கழுவிக்கொண்டிருந்தார்.

3

புடைப்பில் துண்டு வெட்டிச் சோதிக்கவேண்டும் என்ற தோல் டாக்டர் கேட்டார்: "வீட்ல மீன், பறவை ஏதாவது இருக்கா?"

"வீட்ல இல்ல டாக்டர்."

"எறும்பு வளக்கக்கூட விடமாட்டேன்," என்றார் அக்கா பெருமையாக.

(இங்கே மாட்டிக்கொண்டேன். மீன்தொட்டிக் கிருமி உடம்புச் சூட்டில் சரியாக வளராது. முன்கூட்டிச் சொன்னால்தான் ஆய்வகத்தில் சூட்டைக் குறைத்து வளர்த்துப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும். நானே உள்ளே புகுந்து போட்டுக்கொடுக்கலாமா? 'அப்போது நர்ஸ் திடீரென—' வேண்டாம். 'சட்டைப்பையிலிருந்து ஒரு மீன்—' சீ.)

நல்லவேளை, தம்பியே வாய் திறந்தார். "டெப்போல இருக்கு டாக்டர். குட்டி போட்டு எக்கச்சக்கமாயிடுச்சு."

"என் கிட்னிய வெச்சுக்கிட்டு அழுக்குத் தண்ணில விட்டியாடா?"

"கிட்னிய விடலக்கா. கையத்தான் விட்டேன்."

"வாய மூடு. வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு."

டாக்டர் இருமினார். "மீன் கிருமின்னா மாசக்கணக்குல மாத்திரை. சரியாயிடும். கேன்சர்னா வெட்டி எடுத்துட்டு, தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."

அக்கா தம்பியின் கையைப் பார்த்தார். "மீனாவே இருக்கட்டும் டாக்டர். பெரிய தொட்டியா நானே வாங்கித் தர்றேன்."

4

ஆய்வக முடிவு வரப் பல வாரம் ஆகும். இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மீன்கள் குற்றவாளிகள். அக்கா ஆனந்தமாகத் திட்டுகிறார். மற்றதில் டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம்—"

முடியவில்லை. பேனா உங்களிடம். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் வெயில்தான் என்று எழுதினால், அதை அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.