ஆறு மணிப் பாடம்

ஏட்டு சங்கிலிப்பாண்டி டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முகம் கழுவி, நேராகச் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வருவார். ஆறு மணிக்கு மகள் இசக்கிசெல்வி கணக்குப் புத்தகத்தோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். தென்காசியில் அவர்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் டியூஷனுக்குப் போனார்கள். "எம் பிள்ளைக்கு நானே சொல்லிக் குடுப்பேன்" என்று அவர் ஒருத்தர்தான் பிடிவாதமாக இருந்தார். எஸ்.ஐ. பரீட்சை எழுதித் தேறாமல் போனவர். தனக்கு நடந்தது மகளுக்கு நடக்கக்கூடாது என்று நினைத்தார்.

மற்ற நேரங்களில் அவரைப் போல ஓர் அப்பா கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு பைக்கில் கொண்டுபோய் விடுவார். செங்கோட்டைப் பக்கம் டூட்டி என்றால் மகளுக்குப் பிடிக்கும் என்று நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி வாங்கிக்கொண்டு வருவார். மேஜையில் உட்கார்ந்தால்தான் ஆள் மாறிவிடுவார். கையில் மர ஸ்கேல் இருக்கும்.

"பின்னத்தைக் கூட்டத் தெரியலையா? நேத்துதானே சொன்னேன்? தெரிஞ்சுக்கிட்டே வேணும்னு சொல்ல மாட்டேங்குதியா?"

செல்வி வாயைத் திறக்கமாட்டாள். ஸ்கேல் மேஜையில் ஒரு தட்டு, அடுத்தது அவள் புறங்கையில். அடுப்படியில் நிற்கும் மனைவி நிர்மலாதேவிக்கு இரண்டு சத்தமும் தனித்தனியாகத் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் வெளியே வந்து, "பச்சப்பிள்ளைய அடிக்காதீங்க" என்றாள். "அப்ப நீ படிக்க வையி" என்று ஸ்கேலை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் கேட்கவும் இல்லை.

செல்வி ஆறாம் வகுப்பு படித்தபோது, கார்த்திகை மாதம், ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குற்றாலத்தில் நெரிந்தது. மெயினருவியில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி திடீரென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கூட நின்ற கான்ஸ்டபிள் அருண்பாண்டிதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"மதினி, பயப்படாதீய. அண்ணாச்சிக்கு நினைவு இருக்கு. பேசத்தான் வரல" என்றான் போனில்.

பக்கவாதம். திருநெல்வேலியில் வைத்துப் பார்த்தார்கள். காலில் பலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை பாதிதான் வந்தது. பேச்சு வரவில்லை. 'நாளைக்கு' என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்கு, போர்வை வேண்டுமென்றாலும் நாளைக்கு. தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததால் முகம் சிவந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நிர்மலாவைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். "அவங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா. உள்ள இருக்கு, வெளிய வரல. நாம அவசரப்படுத்தினா வர்ற வார்த்தையும் போயிரும். வீட்ல தினமும் படத்தைக் காட்டிப் பழக்குங்க. கேட்டுட்டு, காத்திருங்க. அதான் முக்கியம்."

நிர்மலா காலையும் மாலையும் பட அட்டைகளோடு கணவர் முன்னால் உட்கார்ந்தாள். பசு, குடை, செம்பு, சாவி. தை, மாசி என்று மாதங்கள் போயின. செம்பும் சாவியும் வந்துவிட்டன. சில நாள் குடையும் வந்தது. இதற்கிடையில் செல்வி பாடப்புத்தகத்தைத் திறப்பதே நின்றுபோயிற்று. முழுப்பரீட்சையில் கணக்கில் தேறவில்லை. வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது நிர்மலாவுக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டில் மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி இருந்தது.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. ஐந்தருவியில் நிர்மலாவின் தம்பிக்கு சிப்ஸ் கடை. சீசனுக்கு வழக்கமாக அவள்தான் போய் உதவுவாள். இந்த வருஷம் மதியத்துக்கு மேல் மட்டும் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்கு அட்டை காட்டுதியாட்டி?" என்று செல்வியிடம் கேட்டாள்.

"சரிம்மா" என்றாள் செல்வி.

ஒருநாள் மலையில் பெருமழை. அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கக்கூடாது என்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு நிர்மலா பஸ் ஏறி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மேஜையில் ஸ்கேல் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கணம், கணவர் பழைய ஆளாக எழுந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

"நேத்துதானே சொன்னேன்? தெரிஞ்சுக்கிட்டே வேணும்னு சொல்ல மாட்டேங்குதியளா?"

செல்வியின் குரல்.

நிர்மலா உள்ளே போனாள். மேஜையில் பசுவின் படம். செல்வியின் கையில் ஸ்கேல். எதிரே சங்கிலிப்பாண்டி தலையைக் குனிந்து, இரண்டு கையையும் மடிக்குள் ஒளித்து வைத்திருந்தார். மகள் அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படியே.

நிர்மலா கையை ஓங்கிவிட்டாள். செல்வி நகரவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நிர்மலாவின் கை தானாகக் கீழே இறங்கியது.

"அடிச்சியா அப்பாவ?"

"இல்லம்மா. மேஜையிலதான் தட்டினேன்." செல்வி அட்டையைக் காட்டினாள். "அப்பாவுக்குப் பசு தெரியும்மா. வேணும்னேதான் சொல்ல மாட்டேங்காவ."

"தெரியும்ட்டி. தெரியும், ஆனா வராது. வேணும்னு செய்யல."

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு!" செல்வி கத்தினாள். "எனக்கும் கணக்கு தெரியும். அப்பா பாத்துக்கிட்டே இருந்தா எல்லாம் மறந்துரும். வேணும்னா செஞ்சேன்? நீ ஒருநாளாவது சொன்னியா, வேணும்னு செய்யலன்னு?"

சங்கிலிப்பாண்டி தலையைத் தூக்கினார். உதடு கோணி, "நாளைக்கு... நாளைக்கு..." என்றார். கண்ணீர் தாடியில் இறங்கியது. இடது கையை நீட்டி மகளின் புறங்கையைத் தொடப் போனார். செல்வி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நினைத்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று. அவர் அதைப் பார்த்தார். நீட்டிய கையை மேஜை மேலேயே வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தார்.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. படுக்கும்போது நிர்மலா மகள் பக்கத்தில் போய்ப் படுத்தாள்.

"நான் அன்னைக்கே நடுவுல வந்து நின்னுருக்கணும்ட்டி" என்றாள். செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொஞ்சநேரம் கழித்து அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

தம்பிக்குப் போன் போட்டு, கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் நிர்மலா. ஸ்கேலை எடுத்துச் செல்வியின் பைக்குள் வைத்தாள். கோடு போட மட்டும்தான் இனி அது. சாயங்காலம் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு அட்டை, மகளுக்குக் கணக்கு. தெரியவில்லை என்றால் யாரும் யாரையும் ஏன் என்று கேட்கக்கூடாது என்று நிர்மலா சொன்னாள். காத்திருப்பது அவளுக்கே சுலபமாக வரவில்லை. அவர் வாயைத் திறந்து திணறும்போது சொல்லை எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். செல்வி தப்பாகப் பெருக்கும்போதும் அப்படித்தான்.

செல்வி முதலில் மேஜையின் கடைசியில், அப்பாவின் கை எட்டாத இடத்தில்தான் உட்கார்ந்தாள். அவரும் கூப்பிடவில்லை. மகள் கணக்குப் போடும்போது அவள் நோட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினார். காலாண்டுப் பரீட்சையில் செல்வி ஒரு மாதிரியாகத் தேறினாள். ஐப்பசியில் அவருக்குச் சின்னச் சின்ன வாக்கியம் வந்தது. பழையபடி காக்கி போட்டு வெளியே நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்குள்ளேயே ஏதாவது வேலை கொடுக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் நிர்மலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். செல்வி நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியை இழுத்து அப்பா பக்கத்தில் போட்டாள். உட்காராமல் கொஞ்சநேரம் நின்றாள்.

"அப்பா, எனக்கு இது புரியல."

பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவள் அவரிடம் சொன்னதில்லை. சங்கிலிப்பாண்டி நோட்டை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். விகிதக் கணக்கு. உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். நிர்மலா துணியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"எனக்கும்..." என்றார் அவர். அடுத்த சொல்லைத் தேடினார். செல்வி எடுத்துக் கொடுக்காமல் நின்றாள். "எனக்கும்... புரியல. இரு. பாப்போம்."

செல்வி உட்கார்ந்தாள். அவர் இடது கையால் பென்சிலைப் பிடித்து, கோணல்மாணலாக ஒரு எண்ணை எழுதினார். அவள் அதற்குக் கீழே இன்னொன்று எழுதினாள். விளக்குப் போடும் நேரம்வரை இரண்டு பேரும் போட்டுப் பார்த்தார்கள். விடை வரவில்லை. மறுநாள் வகுப்பில் டீச்சரிடம் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி, செல்வி நோட்டை மூடினாள்.