பொலாங்கோ வீட்டு வாசல்

பேஸ்பாலில் பந்து வீசுகிற எவரிஸ்தோ பொலாங்கோ முதன்முதலாக மெக்சிகோவுக்கு விளையாடப் போன வாரம், தீவு ஊரான சான் பெத்ரோ தே மகோரிஸில் தெற்கே கடலைப் பார்த்திருந்த அவன் வீடு அப்படியே சுழன்று, மெக்சிகோ இருக்கிற மேற்கே வாசலைத் திருப்பிக்கொண்டது. சுவரில் விரிசல் விழவில்லை; அடுப்பிலிருந்த பீன்ஸ்கூடச் சிந்தவில்லை. அவன் மனைவி யுதெல்கா காலையில் படியிறங்கி, பக்கத்து வீட்டுக் குமெர்சிந்தோவின் கோழிகளுக்கு நடுவே கால் வைத்தாள். "வந்தது வந்துட்ட, காபி குடிச்சிட்டுப் போ" என்றான் அவன். மின்சாரக்காரர்கள் வந்து கம்பியைத் தாராளமாக நீட்டிக் கட்டிவிட்டுப் போனார்கள்.

எவரிஸ்தோவை எந்த அணியும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டதில்லை. வெனிசுலாவில் அவன் வீசியபோது வாசல் மறுபடி கடலைப் பார்த்தது. யுதெல்கா புதுத் திரைச்சீலை தைத்தாள். இத்தாலி வருஷம் காலை வெயில் நேரே கட்டிலில் விழுந்தது. தைவானுக்குப் போனபோது வாசல் கிழக்கே திரும்பும் என்று தெருவே காத்திருக்க, அது வடக்கே போய்ச் சாக்கடையைப் பார்த்து நின்றது. பள்ளிக்கூட வாத்தியார் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, வீடு குறுக்குவழி கண்டிருக்கிறது என்றார். அவன் அணி மாறுகிற செய்தி பத்திரிகைக்கு வருமுன் வீடு அசைந்துவிடும். தெருமுனையில் தோமினோக் கட்டை ஆடுகிறவர்கள் அதை வைத்துப் பந்தயம் கட்டினார்கள்.

ஊருக்கு வந்தாலும் அவன் வந்தமாதிரி இருக்காது. சோற்றில் கை வைத்தவன் எழுந்துபோய்ப் பயணப்பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்ப்பான். மகள் பிறந்ததைக் கொரியாவில் தொலைபேசியில் கேட்டான். அவள் பள்ளிக்கூடம் முடித்துத் தலைநகருக்கு வேலைக்குப் போனதை மெக்சிகோவில் கேட்டான். யுதெல்கா அழுததில்லை. படுக்கும்போது வாசல் பக்கம் தலைவைத்துப் படுப்பாள், அவ்வளவுதான்.

முப்பத்தொன்பதாம் வயதில் மறுபடி மெக்சிகோவில் ஒரு அணி கூப்பிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறு மத்தியானம் தவறாமல் பேசுவான். யாரை எப்படி ஏமாற்றி வீழ்த்தினான் என்று பந்துக்குப் பந்து சொல்லுவான். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிறு, பேச்சின் நடுவே, அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"வாசல் வடக்க பாத்து நிக்குது. மெக்சிகோ எப்ப வடக்க போச்சு?"

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது. மே மாதமே அவனை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நியூயார்க்கில் சித்தப்பா மகனுடைய காய்கறிக் கடையில் வாழைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான்.

"வீசுற கை போச்சு, யுதெல்கா."

"வீட்டுக்கு வரதுக்குக் கை எதுக்கு?"

வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும், எந்தப் பக்கம் பார்ப்பதென்று வீட்டுக்குத் தெரியவில்லை. படுக்க இடம் தேடுகிற நாயைப்போல் தினமும் நாள் முழுக்க மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்க வந்தவர்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாசல் வந்ததும் உள்ளே போனார்கள். அவனும் அதனோடு சேர்ந்து நடந்தான். செருப்பைக் கழற்றவே இல்லை. யுதெல்கா அவனுக்கு எதிரே உட்கார்ந்து துவரை உரித்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் வீடு சட்டென்று நின்றது. வாசல் மேற்கே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊரு?"

"நிகராகுவா" என்றான், அவள் முகத்தைப் பாராமல். "வீச இல்ல. சொல்லிக்குடுக்க."

"எத்தன மாசம்?"

"தெரியல. வேணாம்னா போகல."

பொய்தான். அவன் கால் அப்போதும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் காலைப் பார்த்தாள். இருபது வருஷக் கோபமெல்லாம் கிளம்பி வந்து, பாதி வழியில் வேறு எதுவாகவோ ஆயிற்று.

"வாசலப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. ரெண்டு பெட்டி எடு" என்றாள்.

அவர்கள் விமானம் ஏறிய மறுநாள், ஆளில்லாத வீடு மேற்கே நான்கடி நகர்ந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். குமெர்சிந்தோ கோழிகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீடு போவதற்குத் தோதாக வேலியைப் பிரித்து வைத்தான்.