திட்டு இல்லாத புத்தகம்

ஒன்பது வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவலை கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற ஒரு குளிக்காரன் ஒன்பது வரியில் கிழித்துப் போட்டுவிட்டான். அதுவும் பென்சிலில். பேனாவைத் திறக்கக்கூட என் புத்தகத்துக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது. கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் கிருபாநிதி. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பதினெட்டு வருஷமாக கிளார்க். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவன். சபைக் கமிட்டியில் மெம்பர். இந்த யோக்கியன்தான் 'நாகவேந்தன்' என்ற புனைபெயரில் 'சங்குக்கோட்டை மாயராணி' முதல் பாகத்தை எழுதியவன் என்பது என் மனைவி தேவகனியைத் தவிர ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் விடுவார்களா? பூதமும் மந்திரவாதியும் பாம்பாக மாறுகிற பெண்ணும் வைத்துக் கதை எழுதுகிற கையால் வேதாகமத்தைத் தொடுகிறானே என்று குருவானவரே கேட்பார்.

புதுத் துறைமுகம் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து பதிப்பகத்தார் ஒரு கடிதம் போட்டார்கள். இரண்டாம் பாகம் போடுவதா வேண்டாமா என்பதை அவர்களுடைய பிரதிநிதி சுந்தரராஜ் என்பவர் நேரில் வந்து, ஊர் வாடகை நூல் நிலையத்தில் புத்தகத்தின் நிலையைப் பார்த்து முடிவு செய்வாராம். அடுத்த சனிக்கிழமை தூத்துக்குடி. இரண்டாம் பாகம் அறுநூறு பக்கம் எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது அச்சேறாவிட்டால் நான் சாகும்வரை வெறும் கப்பல் கிளார்க்தான்.

உடனே நயினார் அண்ணாச்சியின் நூல் நிலையத்துக்கு ஓடினேன். கிரேட் காட்டன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அண்ணாச்சி ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தப் புத்தகம் வந்தாலும் கடைசி அட்டைக்கு முன்னால் நாலு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவார். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுத வேண்டும். கதைக்குள்ளே கிறுக்கினால் அடுத்த புத்தகம் கிடையாது. பின்னால் ஒன்றும் எழுதாமல் கொண்டுவந்தாலும் அடுத்த புத்தகம் கிடையாது. "தின்னுட்டு நல்லாருக்கு, நல்லால்லனு சொல்லாமப் போறவன் என்ன மனுசன்வே?" என்பார்.

என் புத்தகத்தை எடுத்து, யாருடையதோ போல அலட்சியமாகப் பின்பக்கம் திருப்பினேன். நாலு தாளும் கறுத்துப் போயிருந்தன. முதல் கருத்து இது:

"பக்கம் 43. கதாநாயகன் ராத்திரி கடலில் குதித்து அடிக்குப் போகிறான். இருட்டாக இருக்கிறதாம். தீவட்டி கொளுத்துகிறான். தண்ணிக்குள்ளே! பக்கம் 51. முத்துச்சிப்பி மாங்காய் போல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதாம். பக்கம் 60. சுறாவைக் காதைப் பிடித்துத் திருகுகிறான். சுறாவுக்குக் காது எங்கே இருக்கிறது என்று எழுதியவர் வந்து காட்டட்டும். நான் தோணியில் கூட்டிப்போகிறேன். பூதம் வந்தால் நம்புவேன். பூதம் எப்படி இருக்கும் என்று நான் கண்டேனா? கடலை நான் கண்டிருக்கிறேன். மரியான், சங்குக் குளி."

அதற்குக் கீழே வட்ட வட்ட எழுத்தில்: "இளவரசி ஏழு அத்தியாயமாக ஒரு வாய் சாப்பிடவில்லை. அழ மட்டும் தெம்பு எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் சும்மா நிற்கிற பூதத்தை அனுப்பி ஒரு பிடி அவல் வாங்கிவரச் சொல்லக் கூடாதா?" அதற்கும் கீழே வேறொருவன்: "பூதம் எந்தக் கடையில் வாங்கும்?" மறுபடி வட்ட எழுத்து: "எங்கள் கடையில் வாங்கட்டும். நயம் அவல் இருக்கிறது. முத்துக்கனி, பலசரக்கு."

மூன்றாவது தாளில் மந்திரவாதியைக் கொல்லலாமா கூடாதா என்று ஒரு தேர்தலே நடந்திருந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கும் தளவாய் என்பவர், "இந்தப் புத்தகத்திலேயே வேலைவெட்டி பார்க்கிற ஒரே ஆள் மந்திரவாதிதான், கதாநாயகன் வெறும் வாய்ச்சவடால்" என்று ஆரம்பித்து வைக்க, பதினோரு பேர் கட்சி பிரிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பதினேழு கருத்து. பாராட்டு என்று தேடினால் ஒன்றே ஒன்று. "எழுத்து பெரிதாக இருப்பதால் கண்ணுக்கு நல்லது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. புத்தகத்தைப் பையில் போட்டேன். அண்ணாச்சி நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டே, "மாயாஜாலமா? நீரா சாரே?" என்று சிரித்தார். மைத்துனன் கேட்டான் என்று ஒரு பொய் சொன்னேன்.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் அடுத்துச் செய்த காரியம் புரியும். கப்பலில் சரக்கு ஏற்றி முடிந்ததும் கப்பல் ஆபீசர் ஒரு ரசீது கொடுப்பான். அதில் "பத்து மூட்டை கிழிசல்", "பஞ்சுப் பேல் நனைந்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போச்சு, அந்த ரசீதை எவனும் தொடமாட்டான். ஒரு குறையும் எழுதாத சுத்த ரசீதுதான் ரசீது. பதினெட்டு வருஷமாக என் பிழைப்பே கிரேக்கன், ஜப்பான்காரன் என்று ஒவ்வொரு ஆபீசரிடமும் கெஞ்சிக் கூத்தாடி, அந்த வார்த்தைகளை அடிக்க வைத்துச் சுத்த ரசீது வாங்குவதுதான். அதனால் நாலு தாள் நிறையக் குறை எழுதிய புத்தகத்தை ஒரு பிரதிநிதி பார்க்கப் போகிறான் என்றதும் என் கை தானாகவே பிளேடைத் தேடியது.

நாலு தாளையும் அட்டை சேதமாகாமல் நறுக்கி எடுத்தேன். வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவ்வளவு திட்டும் நன்றாகவே எரிந்தது. மைதாப் பசை கிண்டிப் புதுத் தாள் ஒட்டினேன். பிறகு உட்கார்ந்து, நேர் எழுத்து, சாய்ந்த எழுத்து, இடது கை எழுத்து என்று பாராட்டுகளாக எழுதித் தள்ளினேன். ஆகா. அபாரம். தமிழுக்குக் கிடைத்த வரம்.

"என்னத்த எழுதுதீய?" என்று வந்து எட்டிப் பார்த்தாள் தேவகனி.

விஷயத்தைச் சொன்னேன். பெண் எழுத்து ஒன்று இருந்தால் நம்பும்படியாக இருக்கும், நீயும் இரண்டு வரி எழுது என்று பேனாவை நீட்டினேன்.

"பொய்யா எழுதச் சொல்லுதீய?"

"பொய் என்னளா பொய்? உன் புருசன் எழுதுன புத்தகம் உனக்குப் புடிக்கலியா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு குனிந்து எழுதினாள்: "அட்டை கெட்டியாக இருக்கிறது." எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நூல் நிலையத்துக்குப் போய், தினத்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகத்தைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தேன்; அண்ணாச்சி அவசரத்தில் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. முத்துக்கனி கூடையோடு வந்து தொடர்கதைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரராஜ் வந்தார். குட்டையான மனிதர், கக்கத்தில் தோல்பை. சென்னையில் வேலை என்றாலும் சொந்த ஊர் கயத்தாறாம், வந்ததும் அண்ணாச்சியோடு ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டார்.

பதிப்பகத்தின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றில்கூட முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம். ஒரு புத்தகத்தில் யாரோ ஆசிரியரின் கையை ஒடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். "ஆகா, இது ஓடும்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். நான் தினத்தாளை இன்னும் உயர்த்திக்கொண்டேன்.

என் புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஒரு தாளைத் திருப்பினார். இன்னொன்று. மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது? 'ஆகா, அபாரம், வரம்.' எழவு வீட்டுல செத்தவனப் பத்திப் பேசுத மாரில்லா இருக்கு? ஒரு ஆளு திட்டலியே! திட்டு எங்க?"

"திட்டா? பின்பக்கம் பூரா திட்டுதான கெடந்துச்சு."

"இங்க ஒண்ணும் இல்ல. இத எவனும் படிக்கல அண்ணாச்சி. படிச்சவன் இப்பிடி எழுதமாட்டான். ரெண்டாம் பாகம் வேண்டாம்னு எழுதிருதேன்." பேனாவின் மூடியைத் திறந்து நோட்டில் எழுதினார்.

என் தலையில் இடி விழுந்தது. அந்த நேரம் பார்த்தா மரியான் உள்ளே வர வேண்டும்? கடலுக்குப் போகாத நாளில் இடுப்பில் கட்டம் போட்ட சாரமும் எண்ணெய் தேய்த்த தலையுமாக வருவான். 'எவனும் படிக்கல' என்ற வார்த்தை அவன் காதில் விழுந்துவிட்டது.

"எவன் சொன்னான் படிக்கலன்னு? நான் ரெண்டு மட்டம் படிச்சேன்." புத்தகத்தை வாங்கிப் பின்பக்கம் பார்த்தான். முகம் மாறியது. "என் எழுத்து எங்க? நான் ஒரு பொழுது பூரா இருந்து எழுதுனத எவம்லே வெட்டுனது?"

"அண்ணாச்சி, என் அவலு எங்க?" என்று முத்துக்கனியும் வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். "மந்திரவாதிக்கு நான் போட்ட ஓட்டையும் காணுமே!"

அண்ணாச்சி புத்தகம் வாங்கியவர்கள் பெயர் எழுதும் நோட்டை எடுத்தார். விரலை வைத்துக் கீழே இறக்கினார். கடைசிப் பெயரில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். என் முகத்துக்கு முன்னாலிருந்த தினத்தாளை மரியானே மெதுவாக இறக்கினான்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"எத? இந்த ஆகா ஓகோவையா?" என்றார் சுந்தரராஜ்.

"அதையும். நாவலையும்."

மரியான்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்போ சுறாவுக்குக் காது வச்சது நீருதானா சார்?"

முத்துக்கனி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சபைக் கமிட்டி, வேதபாடம், மானம் எல்லாம் ஒரே நிமிஷத்தில் காற்றில் போனது. ஆனால் போனது போனதுதான், இரண்டாம் பாகத்தையும் விட முடியுமா? எழுந்து நின்றேன்.

"சார், பதினேழு கருத்து இருந்தது. பதினாறும் திட்டு. நான்தான் எரித்துவிட்டேன். ஆனால் எல்லாம் எனக்கு மனப்பாடம்."

உண்மையாகவே மனப்பாடம். வேதாகமத்துச் சங்கீதம்கூட எனக்கு அப்படி நின்றதில்லை. பக்கம் 43 தீவட்டியில் ஆரம்பித்தேன். சிப்பி மாங்காய், சுறாவின் காது, ஏழு அத்தியாயப் பட்டினி, பூதத்தின் அவல், கதாநாயகனின் வாய்ச்சவடால். ஊரே கேட்க என் புத்தகத்தை நானே வார்த்தைக்கு வார்த்தை திட்டினேன். நடுவில் ஒன்றை விட்டால் முத்துக்கனி எடுத்துக் கொடுத்தாள். மந்திரவாதி விவகாரம் வந்ததும் என்னை மறந்துவிட்டு அவளும் அண்ணாச்சியும் மறுபடி சண்டை போட ஆரம்பித்தார்கள். சுந்தரராஜ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத ஏன்வே எரிச்சீரு? இவ்வளவு சண்டை போட்டுருக்காவ, இதுக்கு மேல ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேணும்?"

மரியான் தொண்டையைக் கனைத்தான்.

"சார், எழுத எடமில்லாம நான் விட்டது ஒண்ணு உண்டு. சொல்லட்டா?"

இன்னுமா என்று நினைத்தேன். சொல் என்றேன்.

"கடைசில மாயராணிய கடலுக்கடியில சங்கிலில கட்டிப் போட்டுட்டு முதல் பாகம் முடிஞ்சதுன்னு போட்டுட்டீரு. மூச்சு முட்டாம வச்சிருக்க மந்திர மணி ஒண்ணே ஒண்ணு. அத உம்ம கதாநாயகன் வாயில போட்டுக்கிட்டு ஆள் கூட்டிட்டு வாரேன்னு மேல வந்துட்டான். அப்போ அவ எப்படி மூச்சு விடுவா?" அவன் குரல் இறங்கியது. "நான் நித்தம் கீழ போறவன் சார். நெஞ்சு அடைக்கும்போது மேல வந்துருதேன். வரும்போது அவ நெனப்பு வருது. ஒவ்வொரு தடவையும் வருது. அவள எப்போ சார் மேல கொண்டு வருவீரு?"

சுந்தரராஜ் நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். "கார்த்திகைக்குள்ள ரெண்டாம் பாகத்த அனுப்பும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினேன். தேவகனியிடம் விஷயத்தைக்கூடச் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அறுநூறு பக்கத்தையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு முதலிலிருந்து தேடினேன். கதாநாயகன் மூன்று ராஜ்ஜியம் ஜெயிக்கிறான். இரண்டு சுயம்வரத்துக்குப் போகிறான். ஒரு கிளியோடு அத்தியாயக் கணக்கில் தத்துவம் பேசுகிறான். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் ராணியின் ஞாபகம் வருகிறது அவனுக்கு. அதற்குள் பதினாலு மாசம் ஓடிவிட்டது. அவள் ஒரு இடத்திலும் மூச்சு விடவில்லை. ஒன்பது வருஷம் எழுதிய எனக்கு அது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.