காலுக்குப் பதில் இறக்கை

சூரிச் ஆய்வகத்தில் ரெகுலா பழ ஈக்களோடு மல்லுக்கட்டத் தொடங்கி வருஷக்கணக்கு ஆகிவிட்டது. ஈயின் புழுவில் காலாகப் போகும் செல்களை எடுத்து, வளர்ந்த ஈயின் வயிற்றில் வைத்துப் பெருக்குவாள். பிறகு அடுத்த ஈக்கு மாற்றுவாள். எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதைத் தாய்ச்செல் மகள்செல்லுக்கு அப்படியே கொடுத்துவிடும். அதனால் எத்தனை முறை பிரிந்தாலும், மறுபடி புழுவுக்குள் வைத்தால் அவை காலாகத்தான் வளரும்.

ஒருநாள் இறக்கை வளர்ந்திருந்தது.

"இறக்கை செல்லையும் கலந்துட்டீங்க ரெகுலா," என்று சிரித்தார் பேராசிரியர் பிராண்ட்லி. "காபியைக் கொஞ்சம் குறைங்க."

மறுபடி செய்தாள். மறுபடியும் இறக்கை.

"குப்பையில போடுங்க. என் மானத்த வாங்காதீங்க."

வேலை போய்விடுமோ என்று பயந்து போட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் பாசல் நகரில் நடந்த மாநாட்டில் வேறொரு குழு அதையே அறிவித்துக் கைதட்டல் வாங்கியது. பிராண்ட்லி எழுந்தார்.

"நாங்க இதை எப்பவோ பார்த்தாச்சு. இல்லையா ரெகுலா?"

"பார்த்தோம் புரொபசர். நீங்கதான் குப்பையில போடச் சொன்னீங்க."

அரங்கமே சிரித்தது. பிராண்ட்லியும் சேர்ந்து சிரித்தார். ஊர் திரும்பிய பிறகு அவள் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.